சத்தம் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை: கொக்லியர் உள்வைப்புக்குப் பிறகு பேச்சை விளங்கிக்கொள்வது பற்றி

மல்லாவி அம்மா (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இப்போது ஐந்து வயதும் நான்கு மாதமும் ஆகின்றன. பிறவியிலேயே இரண்டு காதும் கேளாதவள் என்பதை அவளுக்கு இரண்டு வயது தாண்டிய பிறகுதான் அறிந்தோம். மூன்று வயது இரண்டு மாதத்தில் கொழும்பில் வலது காதில் கொக்லியர் உள்வைப்புச் செய்தார்கள், அதாவது கேள்வி நரம்பை மின்னால் தூண்டும் மின்வாய்களை உட்காதுக்குள் வைத்தார்கள். இன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாள். படலை திறக்கும் சத்தமும் லாண்ட்மாஸ்ரர் வரும் சத்தமும் அவளுக்கு நன்றாகத் தெரிகின்றன.

ஆனால் சொல் என்று வரும்போது தடுமாறுகிறாள். "பட்டு" என்று சொன்னால் பத்து விரலையும் விரித்துக் காட்டுகிறாள். "காற்று வருகுது, யன்னலைச் சாத்து" என்றால், எதையோ காட்டச் சொல்கிறோம் என்று நினைத்துத் தன் பொம்மையைக் கொண்டுவந்து காட்டுகிறாள். "அம்மா", "அப்பா" என்பவற்றில் பிழையே விடுவதில்லை. முன்பள்ளிக்குப் போனால் இன்னும் மோசம். அங்கே அவள் ஒன்றையும் பிடிப்பதில்லை என்று பொறுப்பாசிரியை சொல்கிறார்.

மாங்குளத்தில் இரவுப் பேருந்து ஏறி, விடியக் கொழும்பில் இறங்கி, மப்பிங் (ஒவ்வொரு மின்வாய்க்கும் கொடுக்கும் மின்னளவைச் சரிசெய்வது) செய்துகொண்டு அன்றிரவே திரும்புகிறோம். சென்ற முறை பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. எனக்குச் சிங்களம் வராது, அங்கிருந்தவருக்குத் தமிழ் வராது. "எல்லாம் சரி" என்ற இரண்டு சொல்லோடு வீடு வந்து சேர்ந்தோம். கனடாவில் இருக்கும் என் மைத்துனர், 12 மின்வாய் உள்ள கருவியை வைத்துவிட்டார்கள், 22 உள்ளதை வைத்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திராது என்கிறார். பிழை கருவியிலா, மப்பிங்கிலா, வீட்டில் எங்களிடமா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும்.

வவுனியாவிலிருந்து ஒரு பேச்சுச் சிகிச்சையாளர்

தங்கச்சி, உங்கள் மகள் விடும் பிழைகளை நீங்கள் கவனமாக எழுதியிருப்பதால்தான் பதில் எழுத முடிகிறது. "சரியாகக் கேட்கவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால் நானும் "கொழும்புக்குக் கொண்டுபோங்கள்" என்று ஒரு வரியில் முடித்திருப்பேன்.

உள்வைப்புக் கருவி காதுக்கு வரும் ஒலியை அப்படியே உள்ளே அனுப்புவதில்லை. வெளியே இருக்கும் செயலி ஒலியை மீடிறன் (அதிர்வெண்) வாரியாகச் சில பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் ஒலி எப்படி ஏறி இறங்குகிறது என்பதை மட்டும் எடுத்து, அந்தந்த மின்வாய்க்குத் துடிப்புகளாகக் கொடுக்கிறது. ஆகவே நேரத்தோடு தொடர்புடைய எதுவும் நன்றாகப் போய்ச் சேரும்: ஒலி எவ்வளவு நேரம் நீண்டது, எங்கே நின்றது, மூக்கொலியாக இரைந்ததா, வெடித்ததா என்பவை. மீடிறனின் நுட்பமான வேறுபாடு மங்கலாகவே போய்ச் சேரும்.

இதைத் தமிழில் வைத்துப் பார்த்தால் உங்கள் மகளின் பிழைகள் முழுக்க விளங்கிவிடும். கல், கால், விடு, வீடு, புளி, புள்ளி ஆகியவை மாத்திரையால் பிரியும் சொற்கள். நம் மொழியில் குறிலும் நெடிலும், ஒற்றையும் இரட்டையும் பொருளை மாற்றுவது உள்வைப்புப் பிள்ளைக்கு வாய்த்த ஒரு வரம் என்றே நான் சொல்வேன். இவற்றை அவள் விரைவில் பிடிப்பாள்; ஏற்கனவே பிடித்தும் இருப்பாள், சோதித்துப் பாருங்கள். அடுத்தது அம்மா, அப்பா. கண்ணாடி முன்னால் நின்று இரண்டையும் ஓசையின்றிச் சொல்லிப் பாருங்கள்: உதடு ஒரே மாதிரித்தான் அசையும். ஆகவே உங்கள் மகள் அவற்றை உதட்டைப் பார்த்துப் பிரிக்கவில்லை, கேட்டுத்தான் பிரிக்கிறாள். "ம்ம்" என்பது இடைவிடாத மூக்கொலி, "ப்ப்" என்பது நடுவில் ஒரு மௌனம். கருவி அதைத் தெளிவாகக் கொடுக்கிறது. கருவி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இனிப் பத்து, பற்று, பட்டு. மூன்றிலும் உயிர் ஒன்று, நீளம் ஒன்று, நடுவில் உள்ள மௌனமும் ஒன்று. நாக்கு பல்லில் படுகிறதா, பல்முரசில் படுகிறதா, மடிந்து அண்ணத்தில் படுகிறதா என்பது மட்டுமே வேறு. அந்த வேறுபாடு பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியில், நொடியின் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் நடக்கும் ஒரு சரிவில் ஒளிந்திருக்கிறது. உள்வைப்பு மிகவும் தடுமாறும் இடம் அதுதான். ஆங்கிலம் பேசும் பயனாளர்களும் எழுத்து பிறக்கும் இடத்தைப் பிரிப்பதில்தான் கூடுதலாகப் பிழை விடுகிறார்கள். ஆனால் ஆங்கிலத்தில் இப்படி மூன்று அடுத்தடுத்து நிற்பதில்லை. தமிழகத்துப் பேச்சிலும் "காற்று" என்பது "காத்து" ஆகிவிடுவதால் அங்கே இரண்டைப் பிரித்தால் போதும். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் காத்து, காற்று, காட்டு மூன்றையும் இன்னும் மூன்றாகவே பேசுகிறோம். சென்னையில் அச்சடித்த பயிற்சி அட்டைகளை வைத்துக்கொண்டு இங்குள்ள பிள்ளையைச் சோதிப்பதில் எனக்கிருக்கும் தயக்கத்துக்கு இது ஒரு காரணம்.

உடனே செய்யவேண்டியது ஒன்று. தினமும் காலையில் கருவியைப் போட்டதும் ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்னும் ஆறு ஒலிகளையும் வாயைக் காட்டாமல் சொல்லி, அவள் திருப்பிச் சொல்கிறாளா என்று பாருங்கள். டானியல் லிங் என்பவர் வகுத்த சோதனை இது. பேச்சின் மீடிறன் எல்லை முழுவதையும் இந்த ஆறும் தொட்டுவிடும். முதலில் ஒரு மீற்றர் தூரத்திலிருந்தும் பிறகு மூன்று மீற்றரிலிருந்தும் செய்து கொப்பியில் குறித்து வாருங்கள். "ஸ்" மட்டும் தவறினால் உயர் மீடிறன் மின்வாய்களின் மப்பைப் பார்க்கவேண்டும். நேற்றுவரை சரியாகச் சொன்னவள் இன்று எல்லாவற்றிலும் தவறினால் கருவியைப் பார்க்கவேண்டும். அந்தக் கொப்பியைக் கொழும்புக்குக் கொண்டுபோனால், மொழி தெரியாதவரும் பத்து நிமிடத்தில் உருப்படியாக ஏதாவது செய்ய முடியும்.

பரந்தன் மின்னியலாளர்

12, 22 என்ற கணக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மெட்-எல் கருவியில் 12 மின்வாய்கள், அட்வான்ஸ்ட் பயோனிக்ஸில் 16, கொக்லியர் நிறுவனத்தின் கருவியில் 22. விளம்பரத்தில் இந்த எண்கள் பெரிதாகத் தெரியும். ஆனால் இயற்கையான காதில் ஏறத்தாழ 3,500 உள்மயிர்க்கலங்களும் 30,000 நரம்பிழைகளும் இருக்கின்றன. அதன் முன்னால் பன்னிரண்டுக்கும் இருபத்திரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வித்தியாசமே அல்ல.

உட்காதின் நத்தைச்சுருளுக்குள் இருப்பது மின்னைக் கடத்தும் திரவம். ஒரு மின்வாயில் கொடுத்த மின்னோட்டம் அங்கேயே நிற்பதில்லை. பக்கத்து மின்வாய்களின் எல்லைக்குள்ளும் பரவுகிறது. இரணைமடு வாய்க்காலில் அடுத்தடுத்த மடைகளை ஒரே நேரத்தில் திறந்துவிட்டால், எந்த மடைத் தண்ணீர் எந்த வயலுக்கு வந்தது என்று வரம்பில் நிற்பவனால் சொல்ல முடியுமா? அதனால்தான் முறை வைத்துத் திறக்கிறோம். பிளேக் வில்சன் என்ற அமெரிக்கர் தம் குழுவினரோடு 1991இல் வெளியிட்ட முறையும் இதுவே. எந்த இரண்டு மின்வாயும் ஒரே கணத்தில் துடிக்காதபடி, நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை மாறி மாறி ஒவ்வொன்றுக்கும் முறை கொடுத்தார்கள். அதுவரை சொற்களைத் திணறிப் பிடித்துக்கொண்டிருந்த பயனாளர்களில் பலர், உதட்டைப் பார்க்காமலே வாக்கியங்களைப் பிடிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இன்றைய கருவிகள் அநேகமாக எல்லாம் அந்த யோசனையின் பிள்ளைகள்.

முறை வைத்தும்கூடப் பரவல் முழுதாக ஒழியவில்லை. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், இரைச்சலுக்கு நடுவே பேச்சைக் கேட்ட பயனாளர்களுக்கு ஏழு எட்டு மின்வாய்களுக்கு மேல் கூட்டியும் பயன் கூடவில்லை. அதே ஒலியைப் பட்டைகளாக்கிக் கேட்ட சாதாரணக் காதினருக்கோ 20 வரை பயன் கூடிக்கொண்டே போனது. மறுபுறம், 1995இல் ரொபேட் ஷனன் குழுவினர், வெறும் நான்கு பட்டைகளாகச் சுருக்கிய பேச்சைக்கூட அமைதியான அறையில் சாதாரணக் காதினர் பெருமளவு விளங்கிக்கொள்கிறார்கள் என்று காட்டினார்கள். ஆகவே உங்கள் மைத்துனரிடம் சொல்லுங்கள்: அமைதியான இடத்தில் 12 தாராளம், இரைச்சலில் 22உம் போதாது.

இடையில் ஒரு செய்தி. மெல்பேணில் 1978இல் தம் பல மின்வாய்க் கருவியை முதன்முதலாகப் பொருத்திய கிரஹம் கிளார்க்கின் தந்தை ஒரு மருந்தாளர், காது கேளாதவர். சுருளுக்குள் மின்வாய்களை எப்படி நுழைப்பது என்று தெரியாமல் திணறிய கிளார்க், அதற்கு முந்தைய ஆண்டில் கடற்கரையில் ஒரு சிப்பிச் சுருளையும் புல்லையும் எடுத்து நுழைத்துப் பார்த்தே, நுனி எளிதில் வளைவதாகவும் அடி விறைப்பாகவும் இருக்கவேண்டும் என்று கண்டுகொண்டார். முல்லைத்தீவுக் கரையில் அப்படி எத்தனை சிப்பிகள் கிடக்கின்றன.

முள்ளியவளையிலிருந்து ஒரு பயனாளர்

நான் பிறவியில் கேளாதவன் அல்லன். 2009இன் தொடக்கத்தில் பக்கத்தில் விழுந்த எறிகணை இரண்டு காதையும் எடுத்துவிட்டது. எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர் உள்வைப்புச் செய்தார்கள். கேள்வி நரம்பு பழுதாகாமல் இருந்ததால் அது முடிந்தது. உடம்பில் இன்னும் இரும்புத் துண்டு இருப்பவர்கள் அதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடவேண்டும். உள்வைப்பிலும் காந்தம் உண்டு, பிற்பாடு எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் இரண்டையும் கணக்கில் எடுப்பார்கள். நம் பக்கத்தில் இப்படிப்பட்டவர்கள் நிறையப்பேர் என்பதால் எழுதினேன்.

பிள்ளையால் சொல்ல முடியாததை என்னால் சொல்ல முடியும். இயக்கிய முதல் நாளில் எல்லோரும் கோழிக்குஞ்சு மாதிரிக் கீச்சிட்டார்கள். மின்வாய்கள் சுருளின் உள்நுனிவரை போவதில்லை, ஆகவே தாழ்ந்த ஒலியும் உயர்ந்த ஒலிக்கான இடத்தில்தான் போய் விழுகிறது என்று பிறகு விளக்கினார்கள். மூளை மெல்ல மெல்ல அதைத் திருத்திக்கொண்டது. என் மனைவியின் குரல் அவருடைய குரலாக ஆவதற்கு மூன்று மாதம் சென்றது. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனால் தவிலின் ஒவ்வோர் அடியும் துல்லியமாக விழும்; நாதஸ்வரம் மட்டும் இன்றைக்கும் எனக்குத் தகரத்தைச் சுரண்டுவது போலத்தான் கேட்கிறது. சிகிச்சையாளர் மேலே எழுதியதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை: நேரம் வருகிறது, சுரம் வருவதில்லை.

நான் முன்னேறியது என் மகளின் ஆறாம் தரத் தமிழ்ப் பாடநூலால். அவள் வாசிப்பாள், நான் வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்பேன். ஒரு பாடத்தை அப்படி நான்கு நாள் கேட்டபின் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்பேன். பிறகு அதே பாடத்தைப் பக்கத்தில் வானொலியைத் திறந்துவிட்டுக் கேட்பேன். கடைசியாக அவள் அடுத்த அறையிலிருந்து கைபேசியில் வாசித்தாள். தினமும் அரை மணித்தியாலம், ஒன்றரை ஆண்டு. நடுவில் இரண்டு மாதம் சலித்துப்போய் விட்டுவிட்டேன். அந்த இரண்டு மாதத்தில் பின்னுக்குப் போனது எனக்கே தெரிந்தது.

ஒரு விடயத்தில் எனக்கு மாறுபாடு உண்டு. வாயை மறைத்துப் பயிற்சி கொடுப்பதை நான் வெறுக்கிறேன். சிகிச்சை அறையில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவார்கள். எனக்கு அது ஏளனம் செய்வது போலத்தான் இருந்தது. உலகத்தில் யார் அப்படிப் பேசுகிறார்கள்?

ஒட்டுசுட்டான் ரீச்சர்

நான் விசேட கல்வி அலகில் கற்பிக்கிறேன். முன்பள்ளியில் பிள்ளை ஒன்றையும் பிடிப்பதில்லை என்று அந்த அம்மா எழுதிய இடத்தில்தான் முழுப் பிரச்சினையும் இருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் பாடசாலைகளின் கட்டடங்களைப் பாருங்கள்: தகரக் கூரை, அரைச்சுவர், ஒரே மண்டபத்தில் தரம் 1உம் தரம் 2உம். ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் மறு வகுப்பு பாட்டை நிறுத்தவேண்டும். கார்த்திகை, மார்கழியில் மழை இறங்கினால் காது நன்றாகக் கேட்கும் பிள்ளைக்கே நான் சொல்வது கேட்பதில்லை.

ஒரு மீற்றர் தூரத்தில் என் குரல் 65 டெசிபெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபெல் குறையும். ஆகவே நான்கு மீற்றரில் இருக்கும் பிள்ளைக்கு 53தான் போகும். கேள்விக் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஆசிரியரின் குரல் இரைச்சலைவிட 15 டெசிபெல் மேலே இருக்கவேண்டும் என்பது பொதுவான அளவுகோல். எங்கள் மண்டபத்தில் கடைசி வாங்குக்கு இரைச்சல்தான் மேலே இருக்கும். கத்திப் பேசியும் பயனில்லை. செயலி பெரிய சத்தத்தைத் தானே அமுக்கிவிடும், கத்தும்போது உயிரெழுத்துகளின் உருவமும் கெட்டுவிடும்.

இதற்குச் சரியான மருந்து, ஆசிரியர் சட்டையில் குத்திக்கொள்ளும் கம்பியில்லா ஒலிவாங்கி. அது குரலை நேரே செயலிக்கு அனுப்பிவிடுவதால், பிள்ளை எங்கே இருந்தாலும் என் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருப்பது போலாகிவிடும். விலை நம் எட்டில் இல்லை என்பது தெரியும். நன்கொடையாளர் யாரேனும் "பிள்ளைக்கு என்ன வேண்டும்" என்று கேட்டால் புத்தகப் பை, சைக்கிள் என்று சொல்லாமல் இதைக் கேளுங்கள். கருவியின் மாதிரியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், ஒன்றுக்குரியது மற்றொன்றில் வேலை செய்யாமல் போகலாம்.

அது கிடைக்கும்வரை நான் செய்வது இவ்வளவுதான். உங்கள் மகளுக்கு வலது காதில் உள்வைப்பு என்றால், கரும்பலகையைப் பார்த்தபடி இடப்பக்க ஓரத்தில் முன்வரிசையில் இருத்தச் சொல்லுங்கள். அப்போது ஆசிரியையும் மற்றப் பிள்ளைகளும் அவளுடைய வலப்பக்கத்தில் வருவார்கள். மின்விசிறிக்குக் கீழே வேண்டாம். கதிரைக் கால்களுக்கு நான் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிக் கட்டியிருக்கிறேன். சீமெந்துத் தரையில் கதிரை இழுபடும் சத்தம் அந்தப் பிள்ளைகளுக்கு ஊசி குத்துவது போல இருக்கும். மழை பெய்யும்போது புதுச் சொல் கற்பிப்பதில்லை, எழுதவும் வரையவும் விடுவேன். பின்வரிசைப் பிள்ளை சொன்ன விடையை நான் ஒரு தடவை திருப்பிச் சொல்வேன்.

கைமொழி

என் தம்பி கேளாதவர், கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்தவர். வீட்டில் நாங்கள் எல்லோரும் கையால் பேசி வளர்ந்தோம். இந்த இழையில் எல்லாமே காதைப் பற்றியதாக இருப்பதால் இதை எழுதவேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளை குளிக்கும்போது கேளாதவள், நித்திரையில் கேளாதவள், பற்றறி தீர்ந்தால் கேளாதவள். மூன்று வயதுவரை அவளிடம் மொழி என்று ஒன்று இருந்ததா என்று யாராவது கேட்டீர்களா? உள்வைப்புச் செய்த பிள்ளைக்குச் சைகை காட்டினால் அவள் பேசமாட்டாள் என்று சொல்லிப் பெற்றோரின் கையைக் கட்டிவிடுகிறார்கள். காது சொல்லைப் பிடிக்கும்வரை பிள்ளை சொல்லே இல்லாமல் காத்திருக்கவேண்டுமா?

வவுனியாவிலிருந்து ஒரு பேச்சுச் சிகிச்சையாளர்

இரண்டு மறுப்புகளுக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

முள்ளியவளை அண்ணை சொன்னது சரி, கையால் வாயைப் பொத்துவது பிழை. ஏளனம் என்பது ஒருபுறம் இருக்க, கை ஒலியையே மாற்றிவிடுகிறது. "ஸ்" போன்ற உயர்ந்த ஒலிகள் உள்ளங்கையில் அடிபட்டுப் போகின்றன. பிள்ளையின் உள்வைப்புப் பக்கத்தில், அவளோடு ஒரே திசையைப் பார்த்தபடி இருந்து, இரண்டு பேரும் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டு பேசினால் போதும். வாய் தானாகவே அவள் பார்வைக்கு வெளியே போய்விடும். முதலில் காதுக்கு மட்டும் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் முகத்தைக் காட்டியோ படத்தைத் தொட்டோ சொல்லுங்கள். விளங்கிய பிறகு மறுபடியும் காதுக்கு மட்டும் சொல்லி முடியுங்கள். இப்படி ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம். மிச்ச நேரமெல்லாம் முகத்துக்கு முகம் பேசுங்கள்.

சைகையைப் பற்றி. பிறவியில் கேளாத பிள்ளையின் மூளையில் கேள்விக்கு உரிய பகுதி, ஏறத்தாழ மூன்றரை வயதுக்குள் ஒலி கிடைத்தால் நன்றாகப் பழகிக்கொள்கிறது. ஏழு வயதுக்குப் பின்னர் அது மிகவும் கடினம். ஆகவே விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவி தலையில் இருக்கவேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் சைகை அதற்குத் தடை என்று நான் முன்பு சொல்லிவந்ததை இப்போது சொல்வதில்லை. மொழியே இல்லாமல் வளரும் பிள்ளைக்குப் பின்னர் எந்தக் கருவியாலும் அதை ஈடுசெய்ய முடியாது. குளிக்கும்போது கையால் பேசுங்கள், தங்கச்சி.

பத்து, பற்று, பட்டு மூன்றுக்கும் வேறு வழி வேண்டும். "த்த" சொல்லும்போது நாக்கு நுனி பல்லிடையில் ஓரளவு தெரியும். "ற்ற", "ட்ட" இரண்டும் வாய்க்குள்ளேயே மறைந்துவிடும். காதும் கண்ணும் கைவிடும் இடத்தில் எழுத்து இருக்கிறது. த, ற, ட மூன்றையும் பெரிய அட்டையில் எழுதிச் சொல்லோடு சேர்த்துக் காட்டுங்கள். ஐந்து வயதுக்கு அது அதிகம் அல்ல. தனிச் சொல்லாகக் கேட்டுச் சோதிக்காமல், "பட்டுப் பாவாடை", "பத்து விரல்" என்று தொடராகப் பேசுங்கள். பக்கத்துச் சொல்லைக் கொண்டு ஊகிப்பதை நாம் எல்லோரும் தினமும் செய்கிறோம், அது ஏமாற்று அல்ல.

இன்னொன்று: இடது காதில் முன்பு போட்ட காது மெசின் என்ன ஆனது? அந்தக் காதில் தாழ்ந்த ஒலி கொஞ்சம் மிச்சம் இருந்தால் மெசினைத் தொடர்ந்து போடவேண்டும். உள்வைப்பால் சரியாகக் கொடுக்க முடியாத குரலின் சுருதி அந்தப் பக்கத்தால் வரும்.

பூநகரி அப்பா

சிறிய விடயம்தான், ஆனால் ஆறு மாதத்தை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. மகன் திடீரென்று பின்வாங்கினான். மப்பிங் பிழை என்று நினைத்து இரண்டு தடவை கொழும்பு போய்வந்தோம். கடைசியில் ஒலிவாங்கியின் மேல் இருக்கும் சின்ன மூடியில் புழுதி அடைத்திருந்தது. மாற்றியதும் அன்றே சரி. வியர்வையும் உப்புக் காற்றும் சேரும் இடத்தில் இருப்பவர்கள் இரவில் செயலியை ஈரம் உறிஞ்சும் குறுமணி போட்ட பெட்டியில் வைத்து மூடுங்கள். தூக்கி எறியும் துத்தநாகப் பற்றறி காற்றை எடுத்தே வேலை செய்வதால், ஒட்டுத்தாளை உரித்து சில நிமிடம் விட்டுப் போட்டால் கூடுதல் நேரம் நிற்கும்.

மல்லாவி அம்மா

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். எழுதியவர்கள் எல்லோருக்கும் நன்றி.

ஆறு ஒலிச் சோதனையைத் தொடங்கிய மூன்றாம் நாளே, "ஸ்" அவளுக்கு ஒரு மீற்றரில் கேட்டாலும் மூன்று மீற்றரில் கேட்பதில்லை என்று தெரிந்தது. ஒலிவாங்கி மூடியை மாற்றிப் பார்த்தோம், அது காரணம் அல்ல. கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டியபோது இம்முறை பத்து நிமிடம் ஒரு மணித்தியாலமாக ஆனது. உயர்ந்த பக்கத்து மின்வாய்களின் அளவைக் கூட்டினார்கள். முகம் துடிக்கக் காரணமாக இருந்த ஒன்றை அணைத்துவிட்டார்கள். பன்னிரண்டில் ஒன்று குறைந்துவிட்டதே என்று மைத்துனர் கவலைப்பட்டார். மூன்று மீற்றரில் இப்போது "ஸ்" கேட்கிறது.

இடது காது மெசின், நீங்கள் கேட்டது போலவே, அலுமாரிக்குள் கிடந்தது. இனித் தேவையில்லை என்று யாரோ சொன்னதை நம்பி வைத்துவிட்டோம். வவுனியாவில் காதச்சு எடுத்துப் புதிதாகச் செய்து போட்டோம். இரண்டு கிழமை பிடுங்கி எறிந்தாள். இப்போது காலையில் தானே எடுத்துத் தருகிறாள்.

கல், கால் போல ஒலி நீளத்தால் பிரியும் சொற்களில் அவள் பிழை விடுவதில்லை என்று சோதித்தபோது தெரிந்தது. நாங்கள்தான் கவனிக்காமல் இருந்தோம். "பட்டு", "பத்து" இரண்டையும் பத்துக்கு ஏழு தடவை பிரிக்கிறாள், எழுத்தட்டை பக்கத்தில் இருந்தால் பத்துக்குப் பத்து. "காற்று" மட்டும் இன்னும் வரவில்லை. முன்பள்ளியில் இடப்பக்க ஓரத்தில் இருத்துகிறார்கள். ஒலிவாங்கிக்கு ஊர்ச்சங்கம் ஒன்றிடம் கேட்டிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. மழைக்காலம் வருமுன் கிடைத்தால் நல்லது.

சிகிச்சையாளர் அக்காவுக்கு ஒரு முறைப்பாடு. நீங்கள் அனுப்பிய அட்டைகளில் "வாழை", "வாளை" என்று ஒரு சோடி இருந்தது. அவள் பிரிக்கவில்லையே என்று இரண்டு நாள் கவலைப்பட்டோம். பிறகு என் மாமியிடம் சொல்லச் சொல்லி நானே கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், எனக்கும் பிரியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அந்த இரண்டையும் வேறாகச் சொல்வதில்லை.

வவுனியாவிலிருந்து ஒரு பேச்சுச் சிகிச்சையாளர்

அந்தச் சோடியை எடுத்துவிடுகிறேன், தங்கச்சி. அது என் பிழை. வீட்டில் பேசாத வேறுபாட்டைப் பிள்ளையிடம் கேட்கக்கூடாது. "ழ"வை அவள் தரம் 1இல் எழுத்தாகப் படித்துக்கொள்ளட்டும். "காற்று"க்குப் பதிலாக "வற்றாப்பளை"யில் தொடங்கிப் பாருங்கள். பொங்கலுக்குப் போயிருப்பாள், நீளமான சொல், வேறு எதனோடும் குழம்பாது. அதில் "ற்ற" பிடிபட்டபின் "காற்று"க்கு வாருங்கள்.